தம்பி பெல்ற் போடுகிறானா?

1

போன சனிக்கிழமை இங்கே டென்மார்க்கில், தமிழ்க் கடையில் ஒரு மூட்டை அரிசி வாங்கினேன். எனக்கு முதுகு நோ. டிக்கியைத் திறந்து குனிந்து வைக்கப் பஞ்சிப்பட்டு, முன் சீற்றிலேயே இருத்திவிட்டேன். காரை எடுத்தால் கார் கத்துகிறது. நானோ பெல்ற் போட்டிருக்கிறேன். கதவும் பூட்டியிருக்கிறது. எஞ்சினுக்கு ஏதோ வந்துவிட்டது, இனிக் கராஜ்காரன் இல்லாத பழுதெல்லாம் சொல்லப் போகிறான் என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிட்டது. பிறகுதான் விளங்கியது. அரிசியின் பாரத்தைப் பார்த்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறதாகக் கார் நினைத்திருக்கிறது.

இறங்கிச் சுற்றிப் போய் அரிசி மூட்டைக்குப் பெல்ற் போட்டேன். கார் வாயை மூடியது. நாயோடு நடந்து போன டெனிஷ் கிழவி ஒருத்தி என்னையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்து, சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனா. என்ன நினைத்து ஆட்டினாவோ, எனக்கு அது பிடிக்கவில்லை.

அரிசிக்கே பெல்ற் போட்டாகிவிட்டது. என்ரை தம்பி போட்டிருப்பானோ?

தம்பி தவம் ஊரில், தர்மபுரத்தில் வான் ஓடுகிறான். கிழமை நாளில் வாடகை ஹயர், சனி ஞாயிறில் ரியூசன் பிள்ளைகள். அம்மா அப்பா இல்லை. பெரியண்ணா சண்டையின் கடைசி இடப்பெயர்வில் செத்துப்போனார். எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன்தான். கடை வாசலில் காரை நிப்பாட்டினபடியே போன் எடுத்தேன். அடித்தது, எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் என்னவோ நடந்துவிட்டது என்று பயம். எடுத்தால், ஓடிக்கொண்டே கதைக்கிறான் என்று பயம். என்னைக் கட்டின மனுசன் சொல்லுகிறவர், உனக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பயப்பட ஒரு வழி இருக்கு என்று. இருக்கட்டும். பயப்படுகிறவளுக்குத்தான் சில விசயங்கள் கண்ணில் படும். போன வருசம் ஊருக்கு வந்தபோது என் கண்ணில் பட்டதைத்தான் எழுதப் போகிறேன். ஊரிலே இருந்து வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொண்டாவது வாசியுங்கோ.

2

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இங்கே லைசென்ஸ் எடுக்கப் போனபோது முதலில் மொழி வகுப்புக்குப் போ என்றார்கள். அங்கே பதிய நகரசபைக்குப் போனால், எந்தப் பள்ளிக்கூடம், ஏன் முடிக்கவில்லை என்று கேட்டாள் மேசைக்காரி. பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து போய்விட்டது என்று எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். கட்டடம் எப்படி இடம்பெயரும் என்று அவள் விழித்தாள். மரத்துக்குக் கீழே, பிறகு வேறு ஊர் மரத்துக்குக் கீழே என்று கையால் காட்டினேன். அவள் தோட்ட வேலை என்று எழுதிக்கொண்டாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கார் பழக்கும்போது ஒருநாள் எங்களை ஒரு மைதானத்துக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு சரிவுத் தண்டவாளத்தில் கதிரை. அதில் இருத்தி, பெல்ற் போட்டு, மேலே இருந்து விடுவார்கள். கீழே போய் முட்டும். ஓடுகிற வேகம்கூட இல்லை, சைக்கிள் உருட்டிக்கொண்டு போகிற வேகந்தான். முட்டினபோது பெல்ற் இழுத்த இழுவையில் எனக்கு நெஞ்செலும்பு இரண்டு நாள் நொந்தது. பெல்ற் இல்லாவிட்டால்? பழக்குகிறவர் தன்ரை காரின் முன் கண்ணாடியைச் சும்மா தட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து பெல்ற் போடாமல் ஒரு முழம் காரில் போனதில்லை. என்ரை மகள் மீரா பிறந்து ஆஸ்பத்திரியால் வரும்போதே பெல்ற்றோடு வந்தவள். சின்னனில், நான் காரை எடுக்க முந்தி, “எல்லாரும் போட்டாச்சா?” என்று பின்னாலிருந்து அவள்தான் கேட்பாள், பொலிஸ்காரி மாதிரி.

3

போன வருசப் பள்ளி விடுமுறைக்கு மீராவும் நானும் வந்தோம். கட்டுநாயக்கா எயார்போட்டுக்குத் தவம் வானோடு வந்திருந்தான். மினுமினு என்று வெள்ளை வான். உள்ளே மெரூன் நிறத்தில் புது ரெக்சின் சீற் கவர். முன் கண்ணாடியில் பிள்ளையார். ஏறின உடனே மீரா கையைப் பின்னுக்கு விட்டுத் தடவுகிறாள்.

“மாமா, பெல்ற் எங்கே?”

“அது உள்ளுக்கை இருக்கு பிள்ளை. ஊத்தை பிடிச்சிடும் எண்டு கவருக்குள்ளை வைச்சுத் தைச்சாச்சு.”

“மாமா, நீ போடு. முன்னுக்கு இருக்குது.”

மாமாவை அவள் நீ என்றதும் தவத்தின் மனுசி கலா வாயில் கை வைத்தாள். தவம் விழுந்து விழுந்து சிரித்தான். “ஓம் மேடம், போடுறன்,” என்றான். போடவில்லை.

நான் முன்னால் இருந்தேன். என்ரை பக்கம் பெல்ற் இருந்தது, போட்டேன். அவன் பக்கம் எட்டிப் பார்த்தால், பெல்ற் சீற்றுக்குப் பின்னால் சுற்றிப் போய் ஏற்கெனவே கொளுக்கியில் பூட்டிக் கிடக்கிறது. அதுக்கு முன்னால் அவன் இருக்கிறான். வான் கத்தாமல் இருக்க இந்த வித்தை. எனக்கு உடனே சந்தேகம். ஏன் இப்படி? ஒருவேளை இந்த வான் எங்காவது அடிபட்ட வானோ? ஒருக்கால் அடிபட்டால் பெல்ற் இறுகிவிடும் என்று இங்கே சொல்லித் தந்தவர்கள். அதை மறைக்கத்தான் கவரோ?

“தவம், உந்த வான் ஆரிட்டை வாங்கினது?”

“ஏன் அக்கா?”

“சும்மாதான்.”

“உன்ரை சும்மா எனக்குத் தெரியும். புது வான். அடிபடேல்லை, தண்ணிக்கை தாழேல்லை, களவெடுத்ததும் இல்லை. காணுமோ?”

கலா பின்னாலிருந்து, “மச்சாள், நீங்கள் பெல்ற்றைப் போட்டுக்கொண்டு இறுக்கிப் பிடிச்சிருக்கிறதைப் பாத்தா அவரின்ரை ஓட்டத்திலை நம்பிக்கை இல்லாத மாதிரிக் கிடக்கு,” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தரின் வாகனத்தில் ஏறிப் பெல்ற் போட்டால், சாப்பாட்டு வீட்டில் சோற்றை மணந்து பார்த்த மாதிரி. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

இன்னொன்றும் கண்டேன். அவன் வலது கை அடிக்கடி ஸ்டியரிங்கை விட்டு இறங்கிக் கதவுப் பிடிக்குப் போகும். பிடியில் விரலைக் கொளுவிக்கொண்டு, இடது கையால் ஓடுவான். கதவு லொக்கும் போட்டிருக்காது. இது என்ன ஓட்டம்? முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரையும்போல நிப்பாட்டி, கற்பூரம் கொளுத்தி, கச்சான் கடலை வாங்கினோம். ஏறினபோது கேட்டேன்.

“கதவை ஏன் லொக் பண்ணுறேல்லை?”

“மறந்து போனன்.”

ஓட வெளிக்கிட்டதும் கை மறுபடி பிடியில். மறந்து போனவன் கை இப்படி இருக்காது. என்னவோ மறைக்கிறான் என்று எனக்குள்ளே முடிவாகிவிட்டது.

4

வீட்டுக்கு வந்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை. பரந்தன் சந்தி கிட்ட வரும்போது எதிரே வருகிற வாகனங்கள் லைற்றை வெட்டிக் காட்டும், முன்னுக்குப் பொலிஸ் நிற்கிறது என்று. உடனே தவம் பூட்டிக் கிடக்கிற பெல்ற்றின் மேல் பட்டியை இழுத்துத் தோளில் போட்டுக்கொள்வான். கொளுக்கி பின்னால், பட்டி முன்னால். பார்த்தால் போட்ட மாதிரியே இருக்கும். பொலிஸைக் கடந்ததும் தோளை ஒரு குலுக்கு, பட்டி பின்னுக்குப் போய்விடும்.

“பொலிசுக்குப் போடுற பெல்ற் உன்னைக் காப்பாத்துமோ?” என்றேன்.

“பொலிசிட்டை இருந்து காப்பாத்தும்.”

கலாவும் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மீராவும் சிரிக்கிறாள்.

அவளை அதுக்கு முந்தியே கவனித்திருக்கவேணும். வந்த முதல் நாள் பின் சீற் கவரின் தையலுக்குள்ளே விரலை விட்டுக் கிண்டியவள், பிறகு கேட்கிறதை விட்டுவிட்டாள். பெல்ற் உள்ள என்ரை முன் சீற்றைத் தாறன் என்றாலும் வரமாட்டாள். தவத்தின் பெட்டைப் பிள்ளைகளோடு பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு, கச்சான் உடைத்துக்கொண்டு, கதவுக் கண்ணாடியால் கையை வெளியே விட்டுக்கொண்டு போகிறாள். என்னோடு வளர்ந்த அந்தப் பொலிஸ்காரி எங்கே போனாள்? பிள்ளைகள் வெளிநாட்டில் மாறிப்போகிறதுகள் என்று எழுதுகிறார்கள். என்ரை பிள்ளை ஊருக்கு வந்து மாறினாள். ஆர் சொல்லிக் கொடுத்தது என்று கலாவின் மூத்த பெட்டையைக்கூட ஒரு மாதிரிப் பார்த்தேன். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

5

நெடுங்கேணியில் கலாவின் தமக்கை வீட்டுக்குப் போய்த் திரும்பின பின்னேரம். ஒட்டுசுட்டான் பக்கமாக வருகிறோம். இரண்டு பக்கமும் காடு. வெயில் இறங்கினால் மாடுகள் தார்ச் சூட்டுக்கு றோட்டில் வந்து படுக்கும். உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு வளைவு திரும்ப, கறுத்த மாடு ஒன்று றோட்டுக்கு நடுவே எழும்பி நிற்கிறது.

தவம் பிரேக்கில் ஏறி நின்றான். எனக்கு நெஞ்சில் அந்தப் பழைய இழுவை. பட்டி என்னைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவன் ஸ்டியரிங்கில் போய் முட்டினான். பின்னாலிருந்து ஒரு சத்தம், தேங்காய் விழுந்த மாதிரி. மாடு எங்களைப் பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது.

மீராவின் சொண்டு, கீழுதடு, கிழிந்துவிட்டது. என்ரை சீற்றின் பின்பக்கத்தில் வந்து அடித்திருக்கிறாள். இரத்தத்தைக் கண்டதும் நான் கத்தின கத்தல் காடு முழுக்கக் கேட்டிருக்கும். “கவர் ஊத்தையாகக் கூடாது! பாத்தியோ, இப்ப உன்ரை கவரைப் பாத்தியோ!” என்று தவத்தைக் கிழித்தேன். அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு றோட்டோரம் நின்றான்.

மீராவைப் பிடித்தேன். “நீயேன் பெல்ற் கேக்கேல்லை? உனக்குத் தெரியாதே?”

சொண்டில் துணியை வைத்துக்கொண்டு, தன்ரை உடைந்த தமிழில் சொன்னாள்: “நான் கேட்டா எல்லாரும் பாக்கினம் அம்மா. வெளிநாட்டுப் பிள்ளை எண்டு. நான் அப்பிடி இருக்க விருப்பமில்லை.”

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரண்டு தையல் போட்டார்கள். இப்போது அடையாளம்கூட இல்லை. ஆனால் மாடு இன்னும் கொஞ்சம் கிட்ட நின்றிருந்தால்? றோட்டின் இந்தப் பக்கம் மரம் நின்றிருந்தால்? அன்றிரவு நான் எண்ணாத மரம் இல்லை.

6

அடுத்தடுத்த நாட்களில் தவம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. விடியத் தேத்தண்ணி குடித்ததும் வளவின் மூலையில் வேப்பமரத்தடியில் நிற்கிற வானுக்குள் போய் ஏறுவான். வான் வெளிக்கிடாது. கதவு அடிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி. ஹயருக்குப் போகிறதுமில்லை, திரும்பி வருகிறதுமில்லை.

“கலா, அவன் வானுக்கை என்ன செய்யிறான்?”

“நானும் கேக்கேல்லை மச்சாள். கேட்டாக் கத்துவார்.”

எனக்குப் போத்தில் என்றுதான் பட்டது. சீற்றுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறான். கதவுப் பிடியில் கை, லொக் போடாமல் ஓடுகிறது, முகம் கொடுக்காதது எல்லாம் அதோடு பொருந்தியது. குடிக்கிற தம்பியிடமோ ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி விடுகிறார்கள்? கையோடு பிடிக்கவேணும் என்று குசினிப் பின்பக்கத்தால் சுற்றி, வானுக்குப் பின்னால் போய் நின்றேன்.

போத்தில் இல்லை. தவம் பெல்ற் போட்டுக்கொண்டு இருக்கிறான். சரியாக, நெஞ்சுக்குக் குறுக்கே. கண்ணை மூடியிருக்கிறான். ஒருக்கால் மூச்சு எடுத்தான். பிறகு ஒரே வீச்சில் இடது கையால் கொளுக்கியை அமத்தி, வலது கையால் கதவைத் தள்ளி, வெளியே பாய்ந்து குந்தினான். தலைக்கு மேலே கை. எழும்பினான். திரும்ப ஏறினான். பெல்ற் போட்டான். கண்ணை மூடினான்.

மூன்றாந்தரம் பாயும்போது என்னைக் கண்டுவிட்டான். நிலத்தில் குந்தினபடி பார்த்தான். வெட்கப்பட்டுக் கோபிப்பான் என்று நினைத்தேன். அப்படியே மண்ணில் இருந்துவிட்டான்.

“செல்வண்ணையின்ரை வான் ஞாபகமிருக்கோ?” என்றான்.

செல்வண்ணை எங்கள் பக்கத்து வளவுக்காரர். நல்ல ஞாபகம். கடைசி இடப்பெயர்வில் செத்துப் போனார் என்று மட்டும் எனக்குத் தெரியும். அப்போது நான் இங்கே டென்மார்க்கில்.

“அந்த வானுக்கு ரைவர் பக்கக் கதவு பூட்டாது. கயித்தாலை கட்டித்தான் ஓடினவர். கயிறு அறுந்தா விழுந்துபோவன் எண்டு பெல்ற்றையும் போட்டவர். எங்கடை ஊரிலை பெல்ற் போட்டு நான் கண்ட முதல் ஆள் அவர்தான். விசுவமடுவுக்கு அங்காலை செல் விழுந்து வெடிக்கத் தொடங்க, பின்னாலை இருந்த நாங்கள் எல்லாரும் பாஞ்சிட்டம். அவர் பாயேல்லை. கொளுக்கி இறுகிப்போச்சு. குத்திக் குத்திப் பாத்தவர். நான் மதகுக்கை கிடந்து பாத்துக்கொண்டிருந்தனான்.”

மண்ணில் கிடந்த வேப்பங்கொட்டை ஒன்றை எடுத்துத் தூர எறிந்தான்.

“இப்ப ஒண்டும் விழாது எண்டு எனக்குத் தெரியும் அக்கா. தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. அது கதவிலை போய் நிக்கும். கட்டிப்போட்டு இருந்தா எனக்கு மூச்சு எடுக்கேலாது. பின்னாலை ஆக்கள் கட்டுப்பட்டு இருக்கிறதையும் பாக்கேலாது. அதுதான் கவரைப் போட்டுத் தைச்சனான். ஊத்தை எண்டது சும்மா சாட்டு.”

“பின்னை இப்ப?”

“பிள்ளையின்ரை சொண்டைப் பாத்தனான். கழட்டுறதுக்குக் கை பழகினா, போடுறதுக்கு மனம் வரும் எண்டு பாக்கிறன்.”

ஆறுதல் சொல்லுகிற வார்த்தை எனக்கு வராது. வந்தது சந்தேகந்தான். சும்மா இருக்கும்போது கொளுக்கி கழரும். ஆள் முன்னுக்குத் தொங்கி, பாரம் முழுக்கப் பட்டி மேலே இருக்கும்போது கழருமோ? கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. அதை அவனும் நினைத்திருக்கிறான்.

“ஏறு,” என்றேன். “உந்தக் கொளுக்கியை நானும் நம்பேல்லை. பாத்திடுவம்.”

அவன் ஏறிப் பெல்ற் போட்டு முன்னுக்குச் சரிந்தான். நான் பின் சீற்றில் இருந்து பட்டியைச் சுருட்டிப் பிடித்து, காலை முண்டு கொடுத்து, முதுகு நோவையும் பாராமல் இழுத்தேன். “அமத்து!” கழன்றது. நான் மல்லாக்க விழுந்தேன். “இன்னொருக்கா!” கழன்றது. சத்தத்துக்குக் கலா ஓடி வந்தாள்.

“என்ன மச்சாள், விடியக் காலமை ரண்டு பேரும் கயிறிழுக்கிறியளோ?”

“பிளேட் ஒண்டு கொண்டு வா,” என்றான் தவம்.

மெரூன் கவரின் தையலை எல்லாம் அவனே வெட்டினான். பெல்ற்றுகள் புதுசாக, ஊத்தை படாமல் உள்ளே கிடந்தன. ஒவ்வொன்றையும் பூட்டி, இழுத்து, கழற்றிப் பார்த்தோம். கடைசிச் சீற்றில் ஒன்று, பூட்டினால் கழரவில்லை. தவம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கொளுக்கியைக் கவிழ்த்துத் தட்டினால் கச்சான் கோது. முறிகண்டிக் கச்சான், தையல் ஓட்டையால் உள்ளே போயிருக்கிறது. ஊதி, ஊசியால் கிண்டி எடுத்த பிறகும் அவனுக்கு மனம் ஆறவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளிநொச்சியில் புதுசு வாங்கிப் பூட்டினான். கடைக்காரன் பெட்டியை நீட்ட, “உடைச்சுக் காட்டும், போட்டுக் கழட்டிப் பாத்துத்தான் எடுப்பன்,” என்று நின்றான். சந்தேகப்படுகிறதில் நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

நாங்கள் பிளேனுக்கு வெளிக்கிட்ட நாள் அவன் பெல்ற் போட்டுத்தான் ஓடினான். புளியங்குளம் வரைக்கும் நெற்றியில் வேர்வை. கை இரண்டு மூன்று தரம் கதவுக்குப் போய்வந்தது. மீரா பின்னாலிருந்து, “மாமா, நீ நல்லா ஓடுறாய்,” என்றாள். கலா இந்தமுறை வாயில் கை வைக்கவில்லை.

7

அதோடு முடிந்தது என்று எழுதினால் நான் பொய் எழுதுகிறவள். இங்கே வந்த பிறகு எனக்குச் சந்தேகம் திரும்பத் தொடங்கிவிட்டது. நான் நின்றபடியால் போட்டான். இப்போது? போனில் கேட்டால், “போடுறன் அக்கா,” என்பான். பொலிசுக்கு இழுத்துப் போட்டவன் எனக்கு மட்டும் இழுக்கமாட்டானா? படம் அனுப்பு என்றேன். அனுப்பினான். பெல்ற்றோடு, நீலச் சேட் போட்டபடி. அடுத்த கிழமை இன்னொரு படம். அதிலும் நீலச் சேட். பெருப்பித்துப் பார்த்தேன். ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அனுப்புகிறானோ? மீரா என்ரை போனைப் பறித்துவிட்டாள். “அம்மா, மாமாவை விடுங்கோ.”

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வாறன். அரிசி மூட்டை பக்கத்தில் பெல்ற்றோடு இருக்கிறது. தம்பி எடுக்கவில்லை. நான் திரும்ப அடித்தேன். எடுத்தான்.

“அக்கா, ரியூசன் விட்டிட்டுது, பிள்ளையளை ஏத்துறன். பிறகு எடுக்கிறன்.”

போனைச் சேட் பைக்குள் போட்டிருக்கிறான், லைனை வெட்டவில்லை. துணி உரசுகிற சத்தம். பிள்ளைகளின் இரைச்சல். நான் வைக்கவில்லை. வைத்திருக்கவேணும், வைக்கவில்லை.

“எல்லாரும் போட்டாச்சோ?” தம்பியின் குரல்.

“ஓம் அண்ணை.”

“அப்ப கழட்டுங்கோ பாப்பம்.”

“அண்ணை, நெடுகலும் இதுதானோ? இப்பதானே போட்டது!” என்றாள் ஒரு பெட்டை.

“கழருதோ எண்டு தெரியாமல் நான் வானை எடுக்கமாட்டன். கழட்டு.”

கிளிக், கிளிக் என்று வரிசையாகக் கேட்டது. கடைசியில் மிகக் கிட்ட, போனுக்குப் பக்கத்திலேயே ஒன்று. அது அவனுடையது.

“சரி, இப்ப போடுங்கோ.”

மறுபடி அதே சத்தங்கள், முன்னே பின்னே. அவனுடையதும் கேட்டது. எஞ்சின் வெளிக்கிடவில்லை.

“பின்னுக்கு ஒராள் போடேல்லை. ஒரு கிளிக் குறையுது.”

எனக்கும் ஒன்று குறைந்துதான் கேட்டது. போனைக் காதோடு இன்னும் அமத்தினேன். பிறகு பின்னாலிருந்து, பிந்தி, ஒரு கிளிக்.

வான் வெளிக்கிட்டது. நான் போனை வைத்தேன்.